சர்வர்லெஸ் செயலிகளில் ரகசியங்களைப் பாதுகாப்பாகப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் இன்று அல்வாக் கடைக்காரர், பத்தமடைப் பாய் விற்பவர், உடன்குடிக் கருப்பட்டி அனுப்புபவர் எனப் பலரும் இணையம் வழியாக ஆர்டர் எடுக்கிறார்கள். இவர்களுக்குச் செயலி எழுதிக் கொடுப்பவை பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழுக்கள். சொந்தமாக சர்வர் வைத்துப் பராமரிக்க ஆளும் நேரமும் இல்லாததால் இவர்கள் சர்வர்லெஸ் முறையை, அதாவது சர்வரைக் கிளவுட் நிறுவனமே பார்த்துக்கொள்ள நாம் கோடு மட்டும் எழுதும் முறையை, நாடுகிறார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் அந்தச் செயலி பயன்படுத்தும் கடவுச்சொற்களும் சாவிகளும் எங்கே இருக்கின்றன, அவற்றை யார் படிக்க முடியும் என்று கேட்டால் பல இடங்களில் தெளிவான பதில் கிடைப்பதில்லை. இந்தக் குழுக்களும், பொறியியல் கல்லூரி மாணவர்களும், கடை உரிமையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான விளக்கங்கள் அமேசானின் லேம்டா என்ற சர்வர்லெஸ் சேவையை ஒட்டியவை. அதில் தனித்தனியாக இயங்கும் ஒவ்வொரு கோடுத் துண்டும் ஒரு ஃபங்ஷன். மைக்ரோசாஃப்டின் அஷூர், கூகுள் பற்றித் தனியாக ஒரு பதில் உண்டு. விளக்கத்துக்காகத் திருநெல்வேலி சந்திப்பு அருகே உள்ள ஓர் அல்வாக் கடையின் ஆர்டர் செயலியைக் கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ரகசியம் என்று எதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டும்?

பிறர் கைக்குப் போனால் அவர் நம் பெயரில் செயல்பட முடியும் என்றால் அது ரகசியம். தரவுத்தளத்தின் கடவுச்சொல், பேமென்ட் கேட்வேயின் (இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் சேவை) ரகசியச் சாவி, எஸ்.எம்.எஸ். அனுப்பும் சேவையின் ஏ.பி.ஐ. சாவி, டோக்கன்களில் கையெழுத்திடும் சாவி ஆகியவை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பலர் மறந்துவிடுவது வெப்ஹுக் ரகசியத்தை. வாடிக்கையாளர் பணம் செலுத்தியதும் பேமென்ட் கேட்வே நம் ஃபங்ஷனுக்கு ஓர் அறிவிப்பு அனுப்புகிறது. அது உண்மையிலேயே கேட்வேயிடமிருந்துதான் வந்தது என்பதை, இருவருக்கும் மட்டுமே தெரிந்த ஒரு ரகசியத்தைக் கொண்டு கணக்கிடப்பட்ட கையெழுத்தைச் சரிபார்த்து அறிகிறோம். அந்த ரகசியம் வெளியே போனால், ஒரு ரூபாய்கூடச் செலுத்தாத ஒருவர் "பணம் வந்துவிட்டது" என்று போலி அறிவிப்பு அனுப்பலாம். கடையும் பத்து கிலோ அல்வாவைக் கட்டி பார்சல் சர்வீஸில் போட்டுவிடும்.

தரவுத்தளத்தின் பெயர், ரீஜன் (கிளவுட் மையங்கள் இருக்கும் வட்டாரம்), கேட்வேயின் பொதுச் சாவி போன்றவை ரகசியங்கள் அல்ல. எல்லாவற்றையும் பூட்டி வைத்தால் எது உண்மையில் காக்கப்பட வேண்டியது என்ற கவனம் சிதறிவிடும்.

கேள்வி: எங்கள் கிட்ஹப் ரெப்போ (கோடு சேமிக்கும் இடம்) பிரைவேட்தான். கோடிலேயே சாவியை எழுதிவைத்தால் என்ன?

2016-இல் ஊபர் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுதான். அதன் பொறியாளர்கள் பயன்படுத்திய பிரைவேட் ரெப்போவுக்குள் நுழைந்தவர்கள் அங்கிருந்த அமேசான் கிளவுட் சாவியை எடுத்து, சுமார் 5 கோடியே 70 லட்சம் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்களை அள்ளிக்கொண்டார்கள். பிரைவேட் என்பது இன்று யாருக்கு அனுமதி இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். பயிற்சிக்கு வந்து போன மாணவரின் மடிக்கணினியிலும், பழைய ஊழியரின் பென் டிரைவிலும் இருக்கும் பிரதிகளை அது கட்டுப்படுத்தாது.

சாவி இருந்த வரியை அழித்துவிட்டுப் புதிதாக கமிட் செய்தாலும் (மாற்றத்தைப் பதிந்தாலும்), கிட் வரலாற்றில் பழைய கமிட் அப்படியே இருக்கும். ஏற்கெனவே அப்படி எழுதியிருந்தால் முதலில் சாவியை மாற்றுங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்களே அதிகம்.

கேள்வி: லேம்டாவின் என்விரான்மென்ட் வேரியபிளில் (கோடுக்கு வெளியே, ஃபங்ஷனின் அமைப்பில் வைக்கும் மதிப்பு) வைக்கிறோம். அது மறையாக்கம் செய்துதானே சேமிக்கப்படுகிறது?

ஆம், சேமிப்பில் இருக்கும்போது அது அமேசானின் சாவி மேலாண்மைச் சேவையான கே.எம்.எஸ்.-இன் சாவியால் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். ஆனால் ஃபங்ஷனின் அமைப்புகளைப் பார்க்க அனுமதி உள்ள எவரும் கன்சோலைத் திறந்தால், வழக்கமான அமைப்பில், மதிப்பு அப்படியே எழுத்தாகத் தெரியும். டைம்-அவுட்டை (ஃபங்ஷன் இயங்கக்கூடிய நேர வரம்பை) மாற்றுவதற்காக அந்தப் பக்கத்துக்கு வந்த ஜூனியர் ஊழியர் தரவுத்தளக் கடவுச்சொல்லைப் பார்க்க வேண்டிய தேவை என்ன? நாமே உருவாக்கிய கே.எம்.எஸ். சாவியைப் பயன்படுத்தி, அதைக் கொண்டு மறைநீக்கும் அனுமதியைச் சிலருக்கு மட்டும் கொடுத்தால் இந்தக் குறை தீரும், மற்றவை தீராது.

ரகசியத்தை மாற்றும்போதெல்லாம் ஃபங்ஷனின் அமைப்பையும் மாற்ற வேண்டியிருக்கும். ஒரே கடவுச்சொல்லை ஐந்து ஃபங்ஷன்கள் பயன்படுத்தினால் ஐந்திலும் மாற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அது எது என்று தேடுவதிலேயே ஒரு பொழுது போய்விடும். யார், எப்போது அந்த மதிப்பைப் படித்தார்கள் என்ற பதிவும் இராது. பிழை வரும்போது முழு என்விரான்மென்டையும் லாக்கில் (செயலியின் இயக்கப் பதிவில்) கொட்டும் நூலகங்கள் உண்டு. நாம் சேர்க்கும் மூன்றாம் தரப்புப் பேக்கேஜுகளில் தீங்கானவை முதலில் தேடுவதும் அந்த வேரியபிள்களைத்தான். எல்லா வேரியபிள்களும் சேர்ந்து 4 கே.பி.க்குள் அடங்க வேண்டும் என்ற வரம்பும் இருப்பதால், நீண்ட சான்றிதழ்களை வைக்க இடமும் போதாது.

இதில் நுட்பமான பொறி ஒன்று உண்டு. அமேசான் கணக்கின் அமைப்பை எழுத்தில் விவரிக்கும் கிளவுட்ஃபார்மேஷன் டெம்ப்ளேட்டில், ரகசியங்களைப் பூட்டி வைக்கும் பெட்டகச் சேவையான சீக்ரெட்ஸ் மேனேஜரைச் சுட்டி, அந்த மதிப்பை என்விரான்மென்ட் வேரியபிளுக்குக் கொடுக்கும் வழி இருக்கிறது. ரகசியம் பெட்டகத்திலேயே இருப்பது போலத் தோன்றினாலும், டிப்ளாய் செய்யும் (செயலியைக் கிளவுடில் நிறுவும்) நேரத்திலேயே மதிப்பு எடுக்கப்பட்டு வேரியபிளில் எழுதப்பட்டுவிடும். மேலே சொன்ன குறைகள் அனைத்தும் அதற்கும் பொருந்தும்.

என்விரான்மென்ட் வேரியபிளில் ரகசியத்தின் பெயரை மட்டும் வையுங்கள். மதிப்பை ஃபங்ஷன் இயங்கும்போது சீக்ரெட்ஸ் மேனேஜரிலிருந்தோ, அமேசானின் இன்னொரு எளிய பெட்டகமான பாராமீட்டர் ஸ்டோரிலிருந்தோ படிக்கட்டும்.

கேள்வி: பெட்டகத்தைத் திறக்க ஒரு சாவி வேண்டுமே, அந்தச் சாவியை எங்கே வைப்பது?

மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் மிகச் சிறந்தது இது. இதற்கான விடை புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

அந்தச் சாவியை நாம் எங்கும் வைப்பதில்லை. நீண்ட நாள் பழகிய கணக்கப்பிள்ளையை முகம் பார்த்தே பெட்டகத்தின் அருகே விடுவது போல, இங்கே ஃபங்ஷனின் அடையாளமே அனுமதியாகிறது. ஒவ்வொரு லேம்டா ஃபங்ஷனுக்கும் ஓர் எக்ஸிக்யூஷன் ரோல், அதாவது என்னென்ன செய்யலாம் என்ற அனுமதிகளைக் கொண்ட அடையாளம், உண்டு. ஃபங்ஷன் இயங்கத் தொடங்கும்போது அமேசானின் அமைப்பே அந்த ரோலுக்குரிய தற்காலிகச் சான்றுகளை உருவாக்கி அதனிடம் கொடுக்கிறது. குறிப்பிட்ட நேரத்தில் அவை காலாவதியாகிவிடும். அமேசான் தரும் நிரல் நூலகமான எஸ்.டி.கே. அவற்றைத் தானே எடுத்துக்கொண்டு சீக்ரெட்ஸ் மேனேஜரை அழைக்கும். சீக்ரெட்ஸ் மேனேஜர் அந்த ரோலுக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும், உண்டென்றால் கே.எம்.எஸ். வழியாக மறைநீக்கி, டி.எல்.எஸ். என்ற மறையாக்கிய இணைப்பில் மதிப்பை அனுப்பும். இந்தச் சங்கிலியில் மனிதர் யாரும் தட்டச்சு செய்த நிரந்தரச் சாவி ஒன்றுகூட இல்லை.

ஆகவே உங்கள் கோடிலோ அமைப்பிலோ ஏ.கே.ஐ.ஏ. என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கும் சாவி இருந்தால், அது நிரந்தரச் சாவி என்று அறிந்துகொள்ளுங்கள். லேம்டாவுக்குள் அதற்கு வேலையே இல்லை, நீக்கிவிடலாம். தற்காலிகச் சான்றுகள் ஏ.எஸ்.ஐ.ஏ. என்று தொடங்கும்.

ஆனால் இந்த முறை எல்லாத் தீங்கையும் தடுத்துவிடாது. ஃபங்ஷனுக்குள் தீங்கான பேக்கேஜ் ஒன்று புகுந்துவிட்டால், அதுவும் அதே ரோலின் பெயரில் ரகசியத்தைப் படிக்க முடியும். அதனால்தான் ரோலின் அனுமதியைச் சுருக்குவது இவ்வளவு முக்கியமாகிறது.

கேள்வி: எவ்வளவு சுருக்க வேண்டும்?

ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு ரோல். அந்த ரோலுக்கு அதன் வேலைக்குத் தேவையான ரகசியம் மட்டும். வெப்ஹுக்கைச் சரிபார்க்கும் ஃபங்ஷனுக்கு வெப்ஹுக் ரகசியம் போதும், எஸ்.எம்.எஸ். சாவியை அது படிக்கக் கூடாது. ரோலின் அனுமதிகளை எழுதும் பாலிசியில், எவற்றைப் படிக்கலாம் என்று சொல்லும் ரிசோர்ஸ் பகுதியில் நட்சத்திரக் குறியை மட்டும் இட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்தால் கணக்கில் உள்ள எல்லா ரகசியங்களையும் அந்த ஃபங்ஷன் படிக்கலாம் என்று பொருள்.

சீக்ரெட்ஸ் மேனேஜர் ஒவ்வொரு ரகசியத்தின் முகவரிக்கும் முடிவில் ஒரு ஹைஃபனையும் தற்செயலான ஆறு எழுத்துகளையும் சேர்க்கும். அந்த ஆறு எழுத்துகளுக்குப் பதில் ஆறு கேள்விக்குறிகள் இட்டால், அதே பெயரில் ரகசியத்தை மீண்டும் உருவாக்கினாலும் பாலிசி பொருந்தும். பெயரின் தொடக்கம் ஒத்திருக்கும் வேறு நீண்ட பெயர்கள் பொருந்தா. சொந்த கே.எம்.எஸ். சாவி பயன்படுத்தினால் அதைக் கொண்டு மறைநீக்கும் அனுமதியையும் ரோலுக்குத் தர வேண்டும். அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் மறுப்புப் பிழை வருகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கேள்வி: ஒவ்வோர் ஆர்டருக்கும் பெட்டகத்தைப் படித்தால் வேகம் குறையாதா, கட்டணம் ஏறாதா?

வேகம் குறையும். கட்டணம் பெரிதாக ஏறாது. சீக்ரெட்ஸ் மேனேஜரில் ஒரு ரகசியத்துக்கு மாதம் 0.40 டாலர், 10,000 அழைப்புகளுக்கு 0.05 டாலர். தீபாவளி வாரத்தில் அல்வாக் கடையின் செயலி ஒரு லட்சம் முறை படித்தாலும் அதற்கு அரை டாலர்தான். ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளரும் அந்த அழைப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டும்; பெட்டகச் சேவை சிறிது தடுமாறினாலும் எல்லா ஆர்டர்களும் தடுமாறும்.

லேம்டா தன் இயங்குசூழலை உடனே கலைத்துவிடுவதில்லை. அடுத்த கோரிக்கைக்கும் அதையே பயன்படுத்துகிறது. எனவே ஹேண்ட்லருக்கு (ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓடும் கோடு) வெளியே ஒரு மாறியில் மதிப்பையும் அதைப் படித்த நேரத்தையும் வைத்துக்கொண்டு, குறித்த நேரம் கடந்தபின் மட்டும் மீண்டும் படித்தால் போதும். ஒரே நேரத்தில் ஐம்பது சூழல்கள் இயங்கினால், ஒவ்வொன்றும் தனக்கென ஒருமுறை படிக்கும். அது தாங்கக்கூடிய சுமை. நேர வரம்பு இல்லாமல் ஒருமுறை படித்ததை நிரந்தரமாக வைத்துக்கொள்வதுதான் பலர் விடும் பிழை. ரகசியம் மாறிய பிறகும் சில சூழல்கள் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆர்டர்களில் சில போகும், சில போகா. இத்தகைய அரைகுறைப் பிழையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இப்படிப் படித்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் கேஷை நீங்களே எழுத விரும்பாவிட்டால் அமேசான் தரும் எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரலைச் சேர்த்துக்கொள்ளலாம். அது ஃபங்ஷனின் சூழலுக்குள்ளேயே 2773 என்ற போர்ட்டில் காத்திருந்து, படித்ததை 300 விநாடிகள் நினைவில் வைத்திருக்கும். சிறு குழுக்களுக்கு நான் இதையே பரிந்துரைக்கிறேன். எந்த மொழியில் கோடு எழுதினாலும் ஓர் எச்.டி.டி.பி. கோரிக்கை மட்டும் அனுப்பினால் போதும். படித்த மதிப்பை டெம்ப் கோப்புறையில் எழுதி வைப்பது மட்டும் வேண்டாம், நினைவகமே போதும்.

கேள்வி: வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போது சாவியை மாற்றினால் ஆர்டர் நின்றுபோகாதா?

முறையாகச் செய்தால் நிற்காது. சீக்ரெட்ஸ் மேனேஜர் நடப்பு மதிப்பு, வரவிருக்கும் மதிப்பு, முந்தைய மதிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனி லேபிள்களில் வைத்திருக்கும். தானியங்கி மாற்றத்தில் புதிய மதிப்பை உருவாக்குதல், அதைத் தரவுத்தளத்தில் பதிதல், வேலை செய்கிறதா என்று சோதித்தல், பின்னர் நடப்பு லேபிளை அதற்கு நகர்த்துதல் என்று நான்கு படிகள் உண்டு. சோதனையில் தோற்றால் நடப்பு லேபிள் நகராது.

தரவுத்தளத்துக்கு இரண்டு பயனர்களை வைத்து மாறி மாறிப் பயன்படுத்தும் முறையே நல்லது. ஒருவரின் கடவுச்சொல் மாறும்போது மற்றவரின் கடவுச்சொல் இன்னும் செல்லும். கேஷில் பழையது இருக்கும் சூழல்களும் தடையின்றி ஓடும். இதற்கு மேல் ஒரு காப்பு: உள்நுழைவு மறுக்கப்பட்டால் கேஷை உடனே அழித்து, பெட்டகத்தை ஒருமுறை மட்டும் மீண்டும் படித்து, மறுபடி முயலும்படி கோடு எழுதுங்கள். எல்லையின்றி முயல விட்டால் தரவுத்தளம் கணக்கையே பூட்டிவிடக்கூடும்.

வெப்ஹுக் ரகசியத்தை மாற்றும்போது, பழைய ரகசியத்தால் கையெழுத்திட்ட அறிவிப்புகள் வழியில் இருக்கலாம். சிறிது நேரத்துக்கு நடப்பு மதிப்பு, முந்தைய மதிப்பு இரண்டில் எதனுடன் பொருந்தினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு பழையதை மறுத்துவிடுங்கள். ரகசியம் கசிந்ததால் மாற்றுகிறீர்கள் என்றால் இந்த இடைவெளியே கூடாது.

கேள்வி: பாராமீட்டர் ஸ்டோர் இலவசம் என்கிறார்களே, அது போதாதா?

பல சிறு செயலிகளுக்குப் போதும். ஸ்டாண்டர்ட் வகையில் ஒரு மதிப்பு 4 கே.பி. வரை இருக்கலாம், சேமிப்புக்குக் கட்டணம் இல்லை. செக்யூர்ஸ்டிரிங் என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண ஸ்டிரிங்காக இட்டால் மறையாக்கம் ஆகாது. தானாக மாற்றும் வசதி அதில் இல்லை. வழக்கமான வரம்பு விநாடிக்கு 40 கோரிக்கைகள் என்பதால் கேஷ் இல்லாமல் படித்தால் பண்டிகை நாளில் முட்டிக்கொள்ளும். தரவுத்தளக் கடவுச்சொல்லுக்கு சீக்ரெட்ஸ் மேனேஜரையும், அரிதாக மாறும் ஏ.பி.ஐ. சாவிகளுக்குப் பாராமீட்டர் ஸ்டோரையும் வைத்துக்கொள்வது என் கணிப்பில் நியாயமான செலவு.

கேள்வி: அஷூரிலும் கூகுளிலும் எப்படி?

அடிப்படை ஒன்றே. அஷூர் ஃபங்ஷன்ஸில் ஃபங்ஷனுக்கு அடையாளம் தரும் மேனேஜ்டு ஐடென்டிட்டியை இயக்கி, அதற்கு அஷூரின் பெட்டகமான கீ வால்ட்டில் ரகசியத்தைப் படிக்கும் ரோலை மட்டும் கொடுங்கள். ஆப் செட்டிங்ஸில் கீ வால்ட் சுட்டி ஒன்றை எழுதினால் அஷூரே மதிப்பைக் கொண்டுவந்து தரும். பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் விட்டால் புதிய பதிப்பு 24 மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளப்படும். அவசர மாற்றத்தில் அவ்வளவு நேரம் காத்திருக்க இயலாது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். கூகுளின் சர்வர்லெஸ் சேவையான கிளவுட் ரன்னில் சீக்ரெட் மேனேஜரின் மதிப்பை என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுத்தால் இன்ஸ்டன்ஸ் தொடங்கும்போது மட்டும் படிக்கப்படும்; வால்யூமாக (கோப்புறை போல) இணைத்தால் கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் பெறப்படும். மாறும் ரகசியங்களுக்கு வால்யூமே பொருத்தம்.

கேள்வி: ஃபங்ஷனை வி.பி.சி.க்குள் (கிளவுடில் நமக்கென ஒதுக்கிய தனி நெட்வொர்க்) வைத்ததும் ரகசியத்தைப் படிக்காமல் டைம்-அவுட் ஆகிறது. ஏன்?

இணையத்தோடு நேரடித் தொடர்பில்லாத பிரைவேட் சப்நெட்டிலிருந்து சீக்ரெட்ஸ் மேனேஜருக்குப் போக வழி இல்லை. வி.பி.சி.க்குள்ளிருந்தே அந்தச் சேவையை எட்டும் இன்டர்ஃபேஸ் எண்ட்பாயின்டை உருவாக்குங்கள். அதன் செக்யூரிட்டி குரூப்பில் (எந்தப் போக்குவரத்தை விடலாம் என்ற விதிகள்) 443 என்ற போர்ட் திறந்திருக்க வேண்டும். லேம்டாவின் இயல்பான டைம்-அவுட் 3 விநாடிதான் என்பதால் உண்மையான காரணம் லாக்கில் தெரியாமலே ஃபங்ஷன் நின்றுவிடும்.

கேள்வி: பாதுகாப்பாகப் படித்த பிறகும் ரகசியம் கசிய வழி உண்டா?

உண்டு, அதில் முதலிடம் லாக்குக்கு. எஸ்.எம்.எஸ். சேவையை அழைக்கும் கோடு ஒன்று, பிழை வந்தால் பிழைப் பொருளை முழுவதுமாக லாக்கில் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக்சியோஸ் போன்ற நூலகங்களில் அந்தப் பிழைப் பொருளுக்குள் நாம் அனுப்பிய கோரிக்கையின் ஹெடர்களும் இருக்கும். ஆத்தரைசேஷன் ஹெடரில் ஏ.பி.ஐ. சாவி அப்படியே இருக்கும். எஸ்.எம்.எஸ். சேவை ஒரு நாள் மதியம் சற்று நேரம் படுத்தால், அந்த நேரத்து ஒவ்வொரு தோல்வியும் சாவியை ஒருமுறை அமேசானின் லாக் சேவையான கிளவுட்வாட்சில் எழுதியிருக்கும். லாக் குரூப்புக்குக் காலவரம்பு வைக்காவிட்டால் அது என்றென்றும் அங்கேயே இருக்கும். பிழையின் குறியீட்டையும் செய்தியையும் மட்டும் எழுதுங்கள். முழுப் பொருளை ஒருபோதும் எழுதாதீர்கள். ஃபங்ஷனுக்கு வந்த ஈவென்டை (கோரிக்கையின் விவரத்தை) முழுதாக லாக்கில் எழுதும் பழக்கத்தையும் புரொடக்ஷனில் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் உண்மையான செயலியில்) விட்டுவிட வேண்டும்.

கேள்வி: டெவலப்பர்கள் தங்கள் மடிக்கணினியில் சோதிக்க ரகசியம் வேண்டுமே?

வேண்டும், புரொடக்ஷன் ரகசியம் வேண்டாம். பேமென்ட் கேட்வேக்கள் தரும் டெஸ்ட் சாவிகளைத் தனி அமேசான் கணக்கில் வைத்து, அமேசானின் உள்நுழைவுச் சேவையான ஐடென்டிட்டி சென்டர் வழியாகத் தற்காலிகச் சான்றுகளுடன் படிக்கச் செய்யுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சாவியை அனுப்பும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். அது எத்தனை கைபேசிகளின் பேக்கப்பில் போய்ச் சேர்ந்தது என்பதைப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: கசிந்துவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது?

சாவியை வழங்கிய சேவையிடம் சென்று உடனே அதைச் செல்லாததாக்குங்கள். பெட்டகத்தில் புதிய மதிப்பை இடுங்கள். பிறகு அமேசான் கணக்கில் நடந்தவற்றைப் பதியும் கிளவுட்டிரெயிலைப் பாருங்கள்: எந்த ரோல், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, எப்போது அந்த ரகசியத்தைப் படித்தது என்பது அங்கே பதிவாகியிருக்கும். மதிப்பு மட்டும் பதிவாகாது. இயல்பாக 90 நாள் வரலாறுதான் கிடைக்கும். இந்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதால், ஒரு டிரெயிலை உருவாக்கி அமேசானின் கோப்புச் சேமிப்பான எஸ்3-இல் சேமியுங்கள். அதே உத்தரவின்படி, பட்டியலிடப்பட்ட பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரின் முகவரியும் கைபேசி எண்ணும் வெளியே போயிருந்தால் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கருத வேண்டும். நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க அது இடமளிக்கிறது. சட்ட ஆலோசனை பெறுங்கள். ஆனால் அதற்காகச் சாவியை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பதற்றத்தில் பெட்டகத்தின் ரகசியத்தையே அழித்துவிட்டவர்களுக்கு: சீக்ரெட்ஸ் மேனேஜர் 7 முதல் 30 நாள் வரை மீட்பு அவகாசம் தருகிறது. ஆனால் அந்த அவகாசத்தில் ஃபங்ஷனால் அதைப் படிக்க முடியாது; மீட்டெடுத்த பின்னரே முடியும்.

கேள்வி: நான் கடை உரிமையாளர். இதில் எனக்குப் புரிய வேண்டியது என்ன?

கிளவுட் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று செயலி எழுதியவரிடம் கேளுங்கள். அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருந்தால் உங்கள் எல்லா ரகசியங்களுக்கும் அவரே உரிமையாளர். அவர் வேலைக்காகச் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டால் உங்கள் கடையின் பெட்டகம் அவரோடு போய்விடும். எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கு கடையின் மின்னஞ்சலில் இருக்கட்டும். அதற்கு ஆக்சஸ் கீ (நிரந்தரச் சாவி) எதுவும் உருவாக்க வேண்டாம். அன்றாட வேலைக்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

இரண்டாம் நிலைச் சரிபார்ப்பை ஒரே கைபேசியில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு சந்திப்புப் பகுதியே நீரில் நின்றதை நாம் மறக்க மாட்டோம். மும்பை ரீஜனில் உள்ள செயலிக்கு அந்த மழையால் ஒன்றும் ஆகாது. அதைத் திறக்கும் ஒரே கைபேசி தண்ணீரில் போய்விட்டால், அன்றைக்கு "டெலிவரி இல்லை" என்று செயலியில் அறிவிப்பு இடக்கூட முடியாது. அமேசானின் ரூட் பயனருக்கு எட்டு எம்.எஃப்.ஏ. (இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு) சாதனங்கள் வரை பதிவு செய்யலாம். குறைந்தது இரண்டு பாதுகாப்புச் சாவிகளை (பென் டிரைவ் போன்ற சிறு கருவிகள்) பதிவு செய்து, ஒன்றைக் கடையிலும் மற்றொன்றை மேடான வேறொரு ஊரில் நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஐப்பசி மழை தொடங்குமுன், அந்த இரண்டாவது சாவியை வரவழைத்து, அது இன்னும் கணக்கைத் திறக்கிறதா என்று உள்நுழைந்து பாருங்கள்.